சுவரின்மேல் கிளி, சுவருக்குள் யார்?

சிங்கப்பூரில் தேக்கா வட்டாரத்துக்குப் போகும் தோழர்கள், அங்குள்ள சந்துச் சுவர்களில் பெரிய வர்ணச் சித்திரங்கள் எழுதப்பட்டிருப்பதைக் கண்டிருப்பார்கள். சுற்றுலாக் கழகமும் லாசால் கலைக்கல்லூரியும் கூடி 2015ஆம் வருஷம் ஆரம்பித்த முயற்சி இது. ஊரின் தன்மையைச் சுவரில் காட்டுவது நல்ல காரியமே. சித்திரக்காரர்களின் கைத்திறமையில் நாம் குற்றங்காண வரவில்லை. நாம் கேட்பது வேறு: இவ்வூரின் தன்மை இன்னதென்று தீர்மானித்தவர் யார்?

பெலிலியோஸ் சந்தில் நம் பழைய தொழில்களைக் கொண்டாடும் சித்திரம் ஒன்றுண்டு. அதிலே கிளி ஜோசியனுக்கு இடங் கிடைத்திருக்கிறது. கூண்டுக்கிளியைச் சீட்டெடுக்கச் சொல்லி ஏழையின் காசைப் பறித்த வித்தை நம் பரம்பரைப் பெருமையாம்! ஹிந்து ரோட்டுச் சுவரொன்றிலோ சினிமா நடிகர் ரஜினிகாந்தின் உருவத்தை எழுதி, உழைக்கும் வர்க்கத்தின் வீரன் என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரைச் சூட்டினார்கள். அவர் ஒருகாலத்தில் பஸ் கண்டக்டராக உழைத்தவர் என்பது மெய்தான். அது பெங்களூரில். இம்மண்ணில் உழைத்தவன் எங்கே?

அவன் அந்தச் சுவருக்குள்ளேதான் இருக்கிறான். சிராங்கூன் சாலைப் பகுதியை நம் முன்னோர் சுண்ணாம்புக் கம்பம் என்றழைத்தனர். அண்டையிலுள்ள கம்போங் காப்போர் என்னும் மலாய்ப் பெயருக்கும் சுண்ணாம்பு என்றே பொருள். காளவாயும் செங்கற்சூளையும் புகைந்த மண் அது. 1825 முதல் இந்தியக் கைதிகள் சிங்கப்பூருக்குக் கப்பலேற்றிக் கொண்டுவரப்பட்டனர். எல்லாரும் தமிழரல்லர், வங்காளத்தாரும் பம்பாய்க்காரரும் சென்னை ராஜதானியாரும் கலந்திருந்தனர். சதுப்பைத் தூர்த்தவரும், சாலை வெட்டியவரும், செங்கல் அறுத்தவரும், சுண்ணாம்பு சுட்டவரும் அவர்களே. 1862இல் பிரதிஷ்டை செய்யப்பட்ட செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தைக் கட்டியவர்களும் அவர்களே. சுண்ணாம்போடு முட்டை வெண்கருவும் சர்க்கரையும் சேர்த்து, தேங்காய் மட்டை ஊறிய நீர் விட்டுக் குழைத்து, அதன் சுவரைப் பளிங்குபோல் தேய்த்து மினுக்கினார்கள். இன்று ஜனாதிபதியின் மாளிகையாக விளங்கும் இஸ்தானாவும் 1869இல் அக்கைகளால் முடிந்ததே. நாம் நடந்து பார்த்த தேக்காச் சுவர்களில் அந்தக் கைகளைக் காணோம்.

காரணம் நமக்குத் தெரியாததன்று. கைதி, கூலி என்னும் சொற்கள் நமது கனவான்களின் காதில் நாராசமாய்ப் பாய்கின்றன. சோழன் கடாரம் கொண்ட கதையென்றால் மார்பை நிமிர்த்துவார்கள். பாட்டன் கப்பலேறிய கதையென்றால், "நாங்கள் வியாபாரத்துக்கு வந்த குடும்பம்" என்று முந்திக்கொள்வார்கள். இத்தகையோரிடம் எந்தச் சித்திரக்காரர் வந்து யோசனை கேட்டாலும் கிளியையும் பூமாலையையுமன்றி வேறெதைக் காட்டுவார்கள்? "நம்மை எழுதினார்களே, அதுவே பெரிது, நன்றி சொல்லாமல் இதென்ன வம்பு" என்பாரும் உளர். நன்றி சொல்லலாம், எழுதப்பட்டது நாமாயிருந்தால்!

கோலாலம்பூரிலும் இதே கூத்துதான். பிரிக்பீல்ட்ஸ் என்ற பெயரே செங்கற்சூளையால் வந்தது; பின்னர் அது ரயில்வே தொழிலாளர் குடியிருந்த இடமாயிற்று. 2010இல் அதை லிட்டில் இந்தியாவென்று திறந்துவைத்தபோது, யானை உருவங்கள் கொண்ட நீரூற்றொன்றை நிறுவினார்கள். அவ்வீதியில் தினந்தோறும் நடந்தது யானையா, தண்டவாளத்தைச் செப்பனிட்டவனா?

தோட்டப்புறத்தின் நிலையோ இன்னும் பரிதாபம். ரப்பர்த் தோட்டங்கள் பல துண்டாடப்பட்டு, லயங்கள் இடிக்கப்பட்டு, வீடமைப்பு மனைகளாகிவிட்டன. விடியுமுன் பிரட்டுக்கு நின்று, பால்வாளி சுமந்த தாயின் உருவம் அங்கெழுந்த புதுச் சுவர்களில் எத்தனையில் இருக்கிறது? அத்தாயின் பேரர்கள் அவ்வீடுகளில் குடியிருக்கிறார்கள்; கேட்கவும் எழுதவும் அவர்களுக்கென்ன தடை?

தேக்காவில் அடுத்த சுவருக்கு வர்ணம் கரைக்குமுன், அங்கே நெடுநாள் குடியிருந்த முதியோரை அழைத்து விசாரிக்கட்டும். கிளி இருந்த இடத்திலேயே இருக்கட்டும். அதை அழிக்கச் சொல்லவில்லை. அதனருகே சூளைக்காரனையும் சுண்ணாம்புக்காரனையும் எழுதட்டும். மேலே "சுண்ணாம்புக் கம்பம்" என்று தமிழெழுத்தில், பிழையின்றிப் பொறிக்கட்டும். வர்ணத்துக்குப் பணமில்லையென்றால், திருவிழாவில் வாணவேடிக்கைக்கு அள்ளிக்கொடுக்கும் அதே கனவான்களின் வாசலில் போய்க் கேட்க நாம் கூச்சப்படமாட்டோம்.