தேயாத டயரும் வழுக்காத டயரும்

சென்ற ஆனி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை. இரவு முழுவதும் பெய்த மழை விடிந்த பிறகும் தூறலாக நின்றது. கெலிஓயாவிலிருந்து பேராதனை நோக்கிச் செல்லும் பெருவீதியில் நாம் மோட்டார் சைக்கிளைச் செலுத்த, பின்னால் நம் மகள் புத்தகப் பையுடன் அமர்ந்திருந்தாள். வேகம் மணிக்கு முப்பது கிலோமீற்றரைத் தாண்டியிராது. முன்னே சென்ற முச்சக்கர வண்டி யாரையோ ஏற்றுவதற்காகத் திடீரென நின்றது. நாம் பிறேக்கைப் பிடித்தோம். சக்கரம் நின்றது, வண்டி நிற்கவில்லை. அடுத்த கணம் நாம் ஒரு புறமும் மகள் மறுபுறமுமாக வீதியோரத்துப் புல்லிலே கிடந்தோம்.

முழங்காலிற் சிராய்ப்பு, பையிலே சேறு, அவ்வளவோடு போயிற்று. பின்னால் வந்த பஸ் வண்டியின் சாரதி விழிப்பாக இருந்தமையால் இன்று இதனை எழுதுகிறோம்.

நம்மைத் திகைக்க வைத்தது வேறொன்று. அந்த முன்சக்கரத்து டயரை வாங்கி இரண்டாண்டுகளே ஆகியிருந்தன. பள்ளங்கள் ஆழமாகவே இருந்தன. “சேர், இதைப் போட்டால் பிறகு டயர்க் கடைப் பக்கமே வரத் தேவையில்லை, தேயவே தேயாது” என்று விற்றவர் உறுதி கூறியிருந்தார். அவர் பொய் சொல்லவில்லை. டயர் தேயத்தான் இல்லை.

வண்டியை உருட்டிக்கொண்டு நமக்குப் பழக்கமான கராஜுக்குச் சென்றோம். அங்குள்ள நானா முப்பது வருடமாக மோட்டார் சைக்கிள்களோடு வாழ்பவர். அவர் குனிந்து டயரின் மேற்பரப்பிலே கட்டைவிரல் நகத்தை அழுத்தினார். நகத்தின் தடம் விழவில்லை. பிறகு பக்கவாட்டிலிருந்த சேற்றைத் துணியால் துடைத்து, நீள்வட்டக் கூட்டுக்குள் இருந்த நான்கு இலக்கங்களைக் காட்டினார்: 3416.

“2016ல முப்பத்து நாலாவது கிழமை செஞ்ச டயர், சேர். நீங்க வாங்கக்குள்ளயே அதுக்கு வயசாகிட்டு. இது தேஞ்ச டயர் இல்ல, செத்த டயர்.”

பட்டதாரி என்று பெயர் போட்டுக்கொள்ளும் நமக்கு அந்த நான்கு இலக்கங்களைப் படிக்கத் தெரியாமற் போனதில் வெட்கமாகத்தான் இருந்தது. ஆண்டுதோறும் ஆயுதபூசையன்று வண்டிக்குச் சந்தனமும் குங்குமமும் வைக்கத் தவறியதில்லை. குனிந்து டயரைப் படித்ததில்லை.

இனி, தேயாமையும் வழுக்காமையும் ஏன் ஒரே டயரில் எளிதாகக் கூடி வாழ்வதில்லை என்பதைச் சிறிது பார்ப்போம். பௌதிகம் படிக்கும் மாணவர்கள் இதனைத் தம் உராய்வுப் பாடத்தோடு சேர்த்துக்கொள்ளலாம்.

தார் வீதி கண்ணுக்குச் சமமாகத் தோன்றினாலும், உருப்பெருக்குங் கண்ணாடியில் அது கூழாங்கல் முனைகளின் காடு. மென்மையான இறப்பர் அம்முனைகளின் இடுக்குகளிலே புகுந்து ஒட்டிக்கொள்கிறது. இது பிடிப்பின் ஒரு பாதி. மறுபாதி நுட்பமானது. கல்முனையால் நசுங்கிய இறப்பர் உடனே பழைய நிலைக்கு மீள்வதில்லை. சற்றுத் தயங்கியே மீள்கிறது. அந்தத் தயக்கத்திலே சக்தி வெப்பமாகக் கழிகிறது. அக்கழிவே வண்டியை இழுத்துப் பிடிக்கிறது. மழை பெய்து நீர்ப்படலம் இடையிலே வந்துவிட்டால் ஒட்டும் பிடிப்புப் பெரும்பாலும் போய்விடும். அப்பொழுது நம்மைக் காப்பது இந்தத் தயக்கப் பிடிப்புத்தான்.

இரண்டு இறப்பர் பந்துகளை ஒரே உயரத்திலிருந்து விடுங்கள். ஒன்று துள்ளி எழும். மற்றொன்று சோம்பலாகத் தரையிற் கிடக்கும். ஈரத் தரையிலே பிடிப்புத் தரும் இறப்பர் அந்தச் சோம்பேறிப் பந்தின் இனமே. ஆனால் சக்தியை வெப்பமாக இழக்கும் அவ்வகை மென்மையான இறப்பர் பொதுவாக விரைவிலே தேயும். வன்மையான இறப்பர் நெடுநாள் உழைக்கும்; கல்லின் இடுக்குகளுக்குள் புகாது. ஒன்றைக் கூட்டினால் மற்றது குறையும் என்ற இந்த வழக்கைத் தீர்ப்பதற்காகவே இரசாயன அறிஞர்கள் நூறாண்டுகளுக்கு மேலாகப் பாடுபட்டு வருகிறார்கள்.

இந்தக் கதையில் நம் அயலூருக்கும் ஒரு பங்குண்டு. 1876ஆம் ஆண்டில் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசில் நாட்டிலிருந்து இலண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டு சேர்த்த விதைகளில் முளைத்த கன்றுகளுள் ஏறத்தாழ 1900 கன்றுகள் அதே ஆண்டில் இலங்கைக்கு அனுப்பப்பட்டன. பேராதனைப் பூங்காவின் ஆளுகையிலிருந்த கம்பஹா ஹெனரத்கொடைத் தோட்டத்திலே அவை நடப்பட்டன. பின்னாளில் ஆசியாவெங்கும் பரவிய இறப்பர்ப் பயிர்ச்செய்கைக்கு அத்தோட்டம் ஒரு தாய்வீடு. 1888இல் பெல்பாஸ்ற் நகரத்து மிருக வைத்தியரான டன்லொப், தம் மகனுடைய முச்சக்கர சைக்கிளுக்காகச் செய்து பார்த்த காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். அதன் பின்னரே மரம் உலகத்துக்கு இன்றியமையாததாயிற்று.

அக்காலத்து டயர்கள் வெளிறிய நிறத்தன. மிஷலின் நிறுவனத்தின் விளம்பரப் பொம்மை மனிதன் இன்றும் வெள்ளையாக இருப்பது அந்நாளின் நினைவே. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேதான் புகைக்கரியைக் கலந்தால் இறப்பரின் உழைப்பு மிகப் பெருகும் என்று கண்டார்கள், டயர் கறுத்தது. செயற்கை இறப்பர் வந்து ஈரப் பிடிப்பைக் கூட்டிற்று. 1990களில் சிலிக்காவைக் கலக்கும் முறை பரவி, ஈரப் பிடிப்பைப் பெரிதும் இழக்காமலே சக்தி விரயத்தைக் குறைக்க வழி செய்தது. இன்று நடுப்பட்டையில் வன்மையான இறப்பரும், வளைவிலே சாயும்பொழுது தரையைத் தொடும் இரு ஓரங்களில் மென்மையான இறப்பருமாக வார்க்கப்பட்ட மோட்டார் சைக்கிள் டயர்களும் கிடைக்கின்றன. நேர்வீதியில் நடுப்பகுதி தேய்மானத்தைத் தாங்கும். வளைவில் ஓரங்கள் பிடிப்பைக் கொடுக்கும். வளைவே வாழ்க்கையாக உள்ள மலைநாட்டாருக்கு, கிடைக்குமாயின், இது நல்ல தெரிவு.

பள்ளங்களைப் பற்றி ஒரு மயக்கம் உண்டு. பள்ளம் ஆழமாக இருந்தால் பிடிப்பும் அதிகம் என்று நாமும் எண்ணியிருந்தோம். உலர்ந்த வீதியில் உண்மை இதற்கு மாறானது. உலர்ந்த நாட்களில் நடக்கும் பந்தயங்களில் பள்ளமே இல்லாத மொட்டை டயர்களையே பூட்டுகிறார்கள். தரையைத் தொடும் இறப்பர் அதிகமாக இருக்கவேண்டும் என்பதே காரணம். பள்ளத்தின் வேலை மழைநீரை வெளியேற்றுவது. ஆதலால் மழை மிகுந்த நம் ஊருக்குப் பள்ளம் வேண்டும். ஆனால் பள்ளமிருந்து இறப்பர் செத்திருந்தால் பயனில்லை. நம் பையன்கள் சிலர் அழகுக்காகப் பூட்டும் காட்டுவழி டயர்கள் இருக்கின்றனவே, கட்டை கட்டையாகப் புடைத்து நிற்பவை, அவை சேற்றுக்கும் மண்ணுக்கும் ஏற்றவை. தார் வீதியில் அவற்றின் கட்டைகளின் உச்சி மட்டுமே தரையைத் தொடும். பிடிப்பும் குறையும், தேய்வும் விரைவு, சத்தமோ அதிகம். மாணவத் தம்பிமார் கோபிக்கலாகாது.

அதேபோல, உற்பத்தியாளர் குறித்த அளவினும் அகலமான டயரைப் பூட்டினால் பிடிப்புக் கூடும் என்பதும் தவறு. ஒடுங்கிய வளையத்தில் அகன்ற டயர் உருமாறிப் பிதுங்கும். வளைவிலே சாயும்பொழுது தரையைத் தொடவேண்டிய முறையில் தொடாது. டயரின் பக்கத்தில் 90/90-17 என்று கண்டால், முதல் எண் மில்லிமீற்றரில் அகலம். இரண்டாவது அகலத்தின் நூற்று வீதமாக உயரம். மூன்றாவது அங்குலத்தில் வளையத்தின் விட்டம். அதனருகே 49P என்றிருக்குமாயின், 49 என்ற குறி 185 கிலோகிராம் வரை தாங்கும் என்பதையும், P என்பது மணிக்கு 150 கிலோமீற்றர் வரை ஏற்றது என்பதையும் காட்டும். கணவன், மனைவி, நடுவில் ஒரு பிள்ளை, கைப்பிடியில் சந்தைப் பை என்று பயணஞ் செய்யும் குடும்பங்கள் வேகக் குறியைக் காட்டிலும் பாரக் குறியைக் கவனித்தல் நன்று.

வீட்டிலே எழுந்த கேள்வி பணத்தைப் பற்றியது. “பிடிப்பு டயர் சீக்கிரம் தேயுமென்றால் வருடா வருடம் வாங்குவதா?” என்று இல்லாள் கேட்டாள். நியாயமான கேள்வி. 2022ஆம் ஆண்டின் நெருக்கடியிலே நூல் தெரியும் வரை டயர்களை ஓட்டியவர்களை நாம் கண்டிருக்கிறோம். அவர்களைக் குறை கூற மனம் வராது. ஆகவே தாளை எடுத்துக் கணக்குப் பார்த்தோம். கெலிஓயாவிலிருந்து கண்டிக்குப் போய்வர ஏறத்தாழ 24 கிலோமீற்றர். மாதம் 25 நாள் என்றால் 600 கிலோமீற்றர். கணக்குக்காக ஒரு டயரின் விலையை 15,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். மென்மையான டயர் 12,000 கிலோமீற்றர் உழைத்தால் இருபது மாதம் வரும். மாதத்துக்கு 750 ரூபா. வன்மையான டயர் 20,000 கிலோமீற்றர் உழைத்தால் முப்பத்து மூன்று மாதம். மாதத்துக்கு 450 ரூபா. வித்தியாசம் 300 ரூபா. ஓடும் நாளொன்றுக்கு 12 ரூபா. கடையிலே ஒரு கோப்பை வெறுந்தேநீரின் விலையும் ஆகாது. இல்லாள் தாளை மடித்து வைத்துவிட்டு, “முன்சக்கரத்துக்கு நல்லதையே போடுங்கள்” என்றாள்.

அவள் முன்சக்கரம் என்று சொன்னது தற்செயலாகவோ அறிந்தோ, சரியாகவே இருந்தது. பிறேக் பிடிக்கும்பொழுது பாரம் முன்னோக்கிச் சாய்வதால் வண்டியை நிறுத்தும் வேலையின் பெரும்பங்கு முன்சக்கரத்தினுடையது. அது வழுக்கினால் வண்டியை மீட்பது மிகக் கடினம். பின்சக்கரம் சற்று வழுக்கினாலோ பெரும்பாலும் சமாளிக்கலாம். தேய்வு மட்டும் பின்சக்கரத்துக்கே அதிகம். எஞ்சினின் இழுவை முழுவதும் அதன் தலையில் விழுகிறது. ஆகவே கையிருப்புக் குறைந்தவர்கள் முன்னே பிடிப்புக்கும் பின்னே உழைப்புக்கும் முதலிடம் கொடுத்து வாங்கலாம். பலர் செய்வது இதற்கு நேர்மாறு. பின்டயரை இருமுறை மாற்றியும் முன்டயரை வைத்திருப்பார்கள். பள்ளம் இருக்கிறதே என்பார்கள். நாமும் அப்படிச் சொன்னவர்தாம்.

வயது பற்றி மறுபடியும் ஒரு வார்த்தை. ஓடாமல் கிடந்தாலும் இறப்பர் மூப்படையும். காற்றிலுள்ள ஒட்சிசனும் ஓசோனும் வெப்பமும் வெயிலும் அதனை மெல்ல மெல்ல இறுக்கும். பக்கங்களில் மயிரிழை வெடிப்புகள் காணும். ஐந்தாண்டுக்குப் பின் ஆண்டுதோறும் பரிசோதிக்கவும், பத்தாண்டு கடந்ததைப் பார்வைக்கு நன்றாக இருப்பினும் மாற்றவும் டயர் நிறுவனங்கள் பல அறிவுறுத்துகின்றன. கடையில் எண்ணெய் பூசிப் பளபளக்க வைத்திருப்பதைக் கண்டு மயங்கவேண்டாம். இலக்கத்தைப் படியுங்கள்; முதலிரண்டு வாரம், பின்னிரண்டு ஆண்டு. அந்தப் பளபளப்பு எண்ணெய் ஓடுபரப்பிலே பட்டிருந்தால் துடைத்த பிறகே ஓட்டவேண்டும். புதிய டயரும் முதல் நூற்றைம்பது கிலோமீற்றர் வரை நிதானமாக ஓட்டப்படவேண்டியது. அதன் மேற்தோல் சற்று உராய்ந்த பின்னரே முழுப் பிடிப்பும் வரும்.

எல்லாவற்றிலும் மலிவான காப்பு காற்றுத்தான். காற்றுக் குறைந்தால் டயர் பிதுங்கி ஓரங்கள் தேயும், உள்ளே சூடேறும், பள்ளங்கள் நெரிந்து நீரை வெளியேற்ற மாட்டா. காற்று மிகுந்தால் நடுப்பட்டை மட்டும் தரையைத் தொட்டு அதுவே தேயும், பிடிப்பும் குறையும். எத்தனை இறாத்தல் என்பது சங்கிலி மூடியிலோ வண்டியின் கைநூலிலோ எழுதப்பட்டிருக்கும். ஒருவர் செல்வதற்கும் இருவர் செல்வதற்கும் வேறு வேறாக இருக்கும். வண்டி ஓடிச் சூடாகுமுன் அளக்கவேண்டும். நல்ல டயரை வாங்கி மாதக்கணக்கில் காற்றுப் பாராதவர், தேய்வு, பிடிப்பு இரண்டையும் ஒருசேர இழக்கிறார்.

டியூப் இல்லாத டயரில் ஆணி ஏறினால் காற்று பெரும்பாலும் மெதுவாகவே இறங்கும். டியூப் உள்ளதில் திடீரென இறங்கக்கூடும். வளையம் அதற்கென்று அமைந்திருந்தால் முன்னதே மேல்.

மகாவலியை ஒட்டிய பெருவீதியைவிட, தவுலகலை, ஹந்தெஸ்ஸைப் பக்கங்களுக்கு ஏறும் கிளைவீதிகளிலே நம்மவர் அதிகம் விழுகிறார்கள் என்று நானா சொன்னார். பல நாள் வெயிலுக்குப் பின் பெய்யும் மழையின் முதற் பத்து நிமிடம் பொல்லாதது. வீதியிற் படிந்த எண்ணெயும் தூசியும் நீரோடு குழைந்து சவர்க்காரமாகி நிற்கும். அந்த நேரத்தில் எந்த டயருக்கும் உத்தரவாதம் இல்லை. பெட்டிக்கடையோரம் ஒதுங்கி நிற்பதே தக்கது என்பது அவர் கட்சி. நம் கட்சியும் அதுவே.

புதிய முன்டயர் பூட்டியாயிற்று. பழையதை வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. முற்றத்திலே போட்டால் மழைநீர் தேங்கி டெங்கு நுளம்பு குடியேறும். மகளுக்கோ ஒரு புதுப் பழக்கம் வந்துவிட்டது. நிறுத்திய வண்டி எதைக் கண்டாலும் குனிந்து நான்கு இலக்கங்களைப் படிக்கிறாள். நேற்று மாலை ஓடிவந்து, “அப்பா, அடுத்த வீட்டு மாமாவின் ஸ்கூட்டரில் 1115 என்று இருக்கிறது” என்றாள். அவர் நாள்தோறும் தம் பேரப்பிள்ளையைப் பாலர் பாடசாலைக்கு அதிலேதான் ஏற்றிச் செல்கிறார். வயதில் மூத்தவர், பிறர் சொல்வதை எளிதில் ஏற்காதவர். இன்று பின்னேரம் நானாவையும் கூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போவதாக இருக்கிறோம்.