படகு பிறகு, முதலில் ரெமோர்க்

பாண்டிச்சேரியில் உட்கார்ந்துகொண்டு, காருக்குப் பின்னால் படகு இழுக்கும் வண்டியைப் பற்றி எழுதுகிறானே என்று நினைப்பீர்கள். காரணம் இருக்கிறது. நம் ஊரில் பிரான்சில் பிள்ளையோ மருமகனோ மச்சானோ இல்லாத தெரு குறைவு. கோடைக்கு அங்கே போய் மூன்று மாதம் தங்குகிற பெரியவர்கள் இந்தப் பக்கத்தைப் படிக்கிறீர்கள். அங்கே ஓய்வு பெற்ற நம் ஆட்களுக்கு இப்போது பிடித்திருக்கும் ஆசை இந்த 'பத்தோ பொந்தோன்'. அதனால் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.

நாம் பள்ளியில் படித்த பிரெஞ்சில் 'பொந்தோன்' என்றால் படகுத்துறை மேடை. அந்த மேடையே மிதந்து போனால் எப்படியிருக்கும், அதுதான் இந்தப் படகு. நீளமான இரண்டு அலுமினிய உருளைகள், மேலே ஒரு தட்டையான தளம், சுற்றிலும் கம்பி வேலி, நடுவில் சோபா. 1952-இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஆம்ப்ரோஸ் வீரஸ் என்ற விவசாயி இரும்புப் பீப்பாய்களை வரிசையாக இணைத்து, மேலே பலகை போட்டு ஏரியில் விட்டதிலிருந்து இது பரவியது என்பார்கள். மரங்களைக் கட்டிக் கடலில் போன நம் கட்டுமரக்காரர்களுக்கு இது பெரிய அதிசயமாக இருக்காது. ஆனால் முழங்கால் வலிக்காரர்களுக்கு வரப்பிரசாதம். குனியாமல் ஏறலாம், நிமிர்ந்து நிற்கலாம், ஆட்டம் குறைவு.

என் மனைவியின் தம்பி பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்று ஃப்ரெழுஸில் இருக்கிறார். ஐந்து மீட்டர் படகு ஒன்றைப் பார்த்து வைத்திருந்தார். மோட்டார் 6 குதிரைசக்தி. அதற்கு மேல் போனால் படகு ஓட்டும் பெர்மி எடுக்க வேண்டும், இதற்குத் தேவையில்லை. செர்-போன்ஸோன் ஏரிக்குக் கொண்டுபோவது திட்டம். துய்ரான்ஸ் ஆற்றில் அணை கட்டியபோது பழைய சவீன் கிராமம் மூழ்கி, கரையில் புது சவீன் எழுந்ததே, அந்த ஏரிதான். படகுக்குப் பேரம் முடிந்த பிறகு, "ரெமோர்க்கையும் சேர்த்துத் தருகிறேன்" என்றார் விற்றவர். பழையது, மலிவு.

என் கருத்து இங்கேதான் ஆரம்பிக்கிறது. படகை வாங்கிவிட்டு ரெமோர்க்கை இலவச இணைப்பு மாதிரி எடுத்துக்கொள்வது தலைகீழ் வேலை. படகு ஏரியில் மணிக்குப் பத்து கிலோமீட்டரில் போகும். ரெமோர்க் நெடுஞ்சாலையில் தொண்ணூறில் போகும். பின்னால் வருகிற காரில் இருப்பது யாரோ ஒருவரின் பேரப்பிள்ளைகள்.

நான் பல வருடம் வண்டிப் பதிவுக் கோப்புகளோடு குப்பை கொட்டியவன். நம் நாட்டிலும் டிராக்டருக்கு ஒரு எண், அது இழுக்கும் ட்ரெய்லருக்குத் தனி எண். சட்டப்படி ட்ரெய்லரும் ஒரு மோட்டார் வாகனம்தான். அதனால் அந்த ரெமோர்க்கின் தகட்டைத்தான் முதலில் குனிந்து பார்த்தேன். 'பே தே ஆ சே 750' என்று இருந்தது. வண்டியும் சுமையும் சேர்ந்து அதிகபட்சம் 750 கிலோ என்று அர்த்தம். பிரேக் கிடையாது. பிரான்சில் 750 வரைக்கும் ரெமோர்க்குக்குப் பிரேக் கட்டாயமில்லை, அதைத் தாண்டினால் கட்டாயம். ஆகவே விற்கிறவர்களுக்கு இந்த 750 ஒரு மந்திர எண்.

விற்றவர் போட்ட கணக்கு: படகு 430, மோட்டார் 27, ரெமோர்க் 210. ஆக 667. "83 கிலோ மிச்சம் இருக்கிறது, மெஸ்யே" என்றார். நான் ஒரு காகிதம் கேட்டு வாங்கிப் போட்ட கணக்கு வேறு. பேட்டரி 20, இருபத்தைந்து லிட்டர் பெட்ரோல் 19, நங்கூரமும் சங்கிலியும் 10, கூரைத் துணி, மெத்தைகள், மிதவைச் சட்டைகள், கயிறுகள் எல்லாம் 40, ஐஸ் பெட்டியும் சாப்பாடும் 25. மொத்தம் 781. வரம்புக்கு மேலே 31 கிலோ. அதோடு மச்சானின் கார் கையேட்டில், பிரேக் இல்லாத ரெமோர்க் 650 கிலோதான் இழுக்கலாம் என்று அச்சடித்திருக்கிறது. விற்றவரின் கணக்கே கூட அதைத் தாண்டுகிறது!

"மாமா, முப்பது கிலோவுக்கா இவ்வளவு?" என்றார் மச்சான். ராணுவத்தில் லாரி ஓட்டியவர், அவருக்கு இது தூசு. முப்பது கிலோ அல்ல விஷயம். ஒரு பொருளும் நிறுத்த நினைக்காத முக்கால் டன், இறக்கத்தில் உங்களைத் தள்ளிக்கொண்டு வருகிறது. காரின் பிரேக் ஒன்றே இரண்டையும் நிறுத்த வேண்டும். அந்த ஏரிக்குப் போகும் வழியோ மலை. நப்போலேயோன் சாலை வழியே போகலாம் என்று வேறு சொல்லிக்கொண்டிருந்தார்.

டயரையும் பார்த்தேன். ஓரத்தில் நான்கு இலக்கம் இருக்கும், எழுத்தர்கள் விரும்பும் வகை. 2309 என்றிருந்தால் 2009-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. இதில் அதுதான் இருந்தது. பள்ளம் தேயவே இல்லை, புதுசு மாதிரி இருந்தது. வெயிலில் நின்றே ரப்பர் வெடித்திருந்தது. ரெமோர்க் டயர் ஓடிச் சாவதைவிட நின்று சாவதுதான் அதிகம்.

இரண்டு நாள் வீட்டில் பேச்சு சரியில்லை. என் மனைவி தம்பி பக்கம். பிறகு அவரே பிரேக் உள்ள ஒன்றைப் பார்க்க வந்தார்.

பிரேக் உள்ளதில் எந்த மின்சாரமும் வேண்டாம். கார் மெதுவாகும்போது ரெமோர்க் முன்னால் தள்ளும், அந்தத் தள்ளலே கொக்கியின் தண்டை உள்ளே அழுத்திப் பிரேக்கைப் பிடிக்க வைக்கும். மெல்லிய கம்பி ஒன்றைக் காரில் மாட்டுவார்கள். கொக்கி கழன்றால் அது கைப்பிரேக்கை இழுத்துவிட்டுத்தான் அறும். எளிமையான யோசனை. சில நூறு யூரோ கூடுதல்தான்.

நாங்கள் எடுத்தது 1,100 கிலோ வகை. சாம்பல் அட்டையில், அதாவது கார்த் கிரீஸில், எஃப்-2 என்ற இடத்தில் காரின் உச்ச எடை 1,800. எஃப்-3-இல் காரும் ரெமோர்க்கும் சேர்ந்து 3,000. கூட்டினால் 2,900, சரி. சாதாரண பி லைசென்ஸுக்கு இரண்டின் உச்ச எடையும் சேர்ந்து 3,500-க்குள் இருக்க வேண்டும், அதுவும் சரி. 3,500-க்கு மேல் 4,250 வரை என்றால் ஏழு மணி நேரப் பயிற்சி, பி-96. பார்ப்பது தகட்டு எண்ணைத்தான், உண்மையில் ஏற்றியிருக்கும் சுமையை அல்ல. அதனால் காலியாகப் போனாலும் லைசென்ஸ் கணக்கு மாறாது. 500-ஐத் தாண்டினாலே தனி கார்த் கிரீஸ், தனி எண் தகடு. 750-ஐத் தாண்டினால் தனி இன்சூரன்ஸ். நம்மவர்கள் பலர் இந்தக் கடைசியை மறந்துவிடுகிறார்கள்.

பொந்தோனுக்கு ரெமோர்க் இரண்டு விதம். ஒன்று, இரண்டு உருளைகளுக்கு நடுவே நுழைந்து கத்தரிக்கோல் மாதிரி மேலே தூக்குவது. சக்கரங்கள் நெருக்கமாக, படகு உயரத்தில் நிற்கும். முற்றத்தில் நகர்த்த நல்லது. சாலைக்கு எனக்குப் பிடிக்கவில்லை, கூரைத் துணியில் காற்று அடித்தால் ஆடும். மற்றது, கம்பளம் சுற்றிய நீளப் பலகைகள் மேல் உருளைகள் படுக்கும், சக்கரங்கள் அகலமாக வெளியே இருக்கும். இதையே எடுங்கள். அகலம் 2.55 மீட்டருக்கு மேல் சாலையில் கூடாது. அமெரிக்காவிலிருந்து வரும் எட்டரை அடிப் படகு 2.59 வருகிறது, கவனம்.

சுமை அச்சுக்குச் சற்று முன்னால் இருக்க வேண்டும். பின்பாரம் ஆனால் நாய் வாலாட்டுவது போல ஆட ஆரம்பிக்கும். கொக்கியில் எவ்வளவு அழுத்துகிறது என்று பார்க்க, குளியலறை எடை மெஷினைக் கட்டைக்கு அடியில் வைத்தோம். மச்சானின் காருக்கு வரம்பு 75 கிலோ. முதலில் 30 காட்டியது. படகை ஒரு சாண் முன்னால் இழுத்து, பேட்டரியையும் முன்பக்கம் மாற்றியதும் 62. சாலையில் ஆட்டம் வந்தால் ஆக்ஸிலேட்டரை விடுங்கள், ஸ்டியரிங்கை நேராகப் பிடியுங்கள், பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள்.

புறப்படுமுன் எடை மேடையில் நிறுத்தினோம். புது ரெமோர்க் 290. என் கணக்கு 861, மேடை காட்டியது 880. அந்த 19 கிலோவை மச்சான் தேடினார். சோபாவுக்கு அடியில் என் மனைவி வைத்த அரிசி, பருப்பு, இட்லி குண்டான்.

சிஸ்தெரோன் வழியாக ஆ-51-இல் போனோம், நப்போலேயோன் பாதையில் அல்ல. ஏரிச் சரிவில் உடனே தண்ணீரில் இறக்கவிடவில்லை நான். ஓடிச் சூடான சக்கர மையம் குளிர்ந்த நீரில் சட்டென்று இறங்கினால் உள்ளே தண்ணீரை உறிஞ்சும், பேரிங் கெடும். அரைமணி ஆற விட்டு, பின்னாலுள்ள விளக்குப் பலகையைக் கழற்றி வைத்து, பிறகு இறக்கினோம். பின்னால் வரிசையில் நின்ற ஒருவர் ஹாரன் அடித்தார். அடிக்கட்டும் என்றேன். இந்த வருடம் பேரிங்குக்குப் புது கிரீஸ் போட்டுவிட்டதாகப் போன வாரம் போனில் மச்சான் சொன்னார், நான் கேட்பதற்கு முன்பே.