ஃபார்மட் அடிச்சிடலாம் சார்!

கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்காரர்கள் பலருக்குத் தெரிந்த வைத்தியம் இரண்டே இரண்டுதான். ஒன்று ஃபார்மட். இன்னொன்று புது ஹார்ட் டிஸ்க். தலைவலி என்று போனவரிடம் தலையை எடுத்துவிடலாமா என்று கேட்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

லேப்டாப்பை ஆன் செய்ததும் கறுப்புத் திரையில் ‘நோ பூட்டபிள் டிவைஸ்’ என்று ஒரு வரி வந்து நிற்கும். விண்டோஸ் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்பதுதான் இதன் அர்த்தம். டிஸ்க் செத்துவிட்டது என்பது அதற்கான பல காரணங்களில் ஒன்று மட்டுமே. யாரோ ஒரு பென் டிரைவைச் செருகி அப்படியே விட்டிருப்பார்கள். அது முதலில் அதைத் தேடிப்போய் நின்றுவிடும். (ஃபிளாப்பி காலத்தில் ஆபீஸில் வேலை பார்த்தவர்களுக்கு இது பழைய கதை. ஏ டிரைவில் ஃபிளாப்பியை மறந்து விட்டுவிட்டு ‘மெஷின் போச்சு’ என்று கூச்சல் போடாத செக்‌ஷன் உண்டா?) டிஸ்க்கின் இணைப்பு தளர்ந்திருக்கலாம். தொடங்கி வைக்கும் சின்னக் கோப்பு ஒன்று கெட்டிருக்கலாம். இவை எதிலும் உங்கள் போட்டோக்களுக்கு ஒரு சேதமும் இல்லை.

எங்கள் காலனியில் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர். 2013இல் வாங்கிய லேப்டாப். கடையில் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, “டிஸ்க் அவுட், 4500 ஆகும், உள்ளே இருக்கிறது எதுவும் வராது” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். நேரே என்னிடம் எடுத்து வந்தார். ஆன் செய்தவுடன் எஃப்2 பட்டனைத் தட்டிக்கொண்டே இருந்தால் பயாஸ் பக்கம் வரும். (சில கம்பெனிகளில் வேறு பட்டன்.) வந்தது. அதில் தேதி 2013 ஜனவரி 1 என்று இருந்தது. கீழே டிஸ்க்கின் பெயரும் 500 ஜிபி என்ற அளவும் பளிச்சென்று தெரிந்தன. “சார், பெயரைக் கூப்பிட்டால் ‘உள்ளேன் ஐயா’ என்கிறான். இவனைப் போய் செத்துட்டான் என்கிறார்களே” என்றேன்.

பெயர் தெரிவதாலேயே டிஸ்க் முழு ஆரோக்கியம் என்று ஆகிவிடாது. ஆனால் தேதி பின்னால் போயிருந்தது பெரிய துப்பு. உள்ளே சிஆர்2032 என்று ஒரு பொத்தான் பேட்டரி இருக்கிறது. அது தீர்ந்தால் இந்த மாதிரிப் பழைய லேப்டாப்பில் பயாஸ் எல்லாவற்றையும் மறந்து கம்பெனியில் வைத்தபடிக்குத் திரும்பிவிடும். இதில் யாரோ முன்பு விண்டோஸ் 7 போட்டுத் தந்தபோது ‘லெகஸி’ முறையில் போட்டிருக்கிறார்கள். பேட்டரி தீர்ந்ததும் அது ‘யூஇஎஃப்ஐ’ முறைக்கு மாறிவிட்டது. செக்யூர் பூட்டை அணைத்து, லெகஸிக்கு மாற்றி, சேவ் செய்தேன். விண்டோஸ் வந்தது. மறுநாள் பேட்டரி மாற்றினோம். நூறு ரூபாய்கூட ஆகவில்லை.

இன்னொரு தெருவில் இருக்கும் நண்பருக்கு இந்த அதிர்ஷ்டம் இல்லை. அவரிடம் “ஃபார்மட் அடிச்சா சரியாயிடும்” என்றார்கள், அவரும் தலையாட்டிவிட்டார். 800 ரூபாயில் லேப்டாப் ஜோராக ஓடுகிறது. பேத்தியின் முதல் பிறந்த நாளில் அவர் மனைவி பாடிய வீடியோ அதில்தான் இருந்தது. அந்த அம்மாள் இப்போது இல்லை. அழிக்கும் முன்பு, லினக்ஸ் போட்ட பென் டிரைவில் அதே லேப்டாப்பை இயக்கி, எல்லாவற்றையும் வெளி டிஸ்க்குக்கு நகல் எடுத்திருக்கலாம். ஒரு மணி நேர வேலை. “உள்ளே முக்கியமானது ஏதாவது இருக்கா சார்?” என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

“ஒரு மணி நேரம் செலவழித்துப் பார்த்தால் அதற்கு யார் காசு கொடுப்பது?” என்பார்கள். நியாயமான கேள்வி. நம்மவர்கள் டாக்டர் ஃபீஸைப் பேசாமல் கொடுப்பார்கள். கடைக்காரர் ‘செக்கிங் சார்ஜ் 300’ என்றால் அடிதடிக்குப் போவார்கள். கேளுங்கள் ஐயா, தாராளமாகக் கேளுங்கள், கொடுக்க வேண்டும். அதற்காகப் பார்க்காமலே மரணச் சான்றிதழ் எழுதக் கூடாது.

டிஸ்க் நிஜமாகவே சாவதும் உண்டு. ‘டக் டக்’ என்று சத்தம் வந்தால் உடனே அணைத்துவிடுங்கள். மறுபடி மறுபடி ஆன் செய்வதே அதைக் கொல்லும். புது லேப்டாப்புகளில் பயாஸில் கை வைத்தால் பிட்லாக்கர் 48 இலக்க எண் ஒன்றைக் கேட்கக்கூடும். அது பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும்; இன்றைக்கே எடுத்து டைரியில் எழுதி வையுங்கள்.

கடையில் கொடுக்கும்போது ரசீதில் இரண்டு வரி எழுதி வாங்குங்கள்: ‘என்னைக் கேட்காமல் ஃபார்மட் செய்யக் கூடாது. டிஸ்க் மாற்றினால் பழையதைத் திருப்பித் தர வேண்டும்.’ முகம் சுளிப்பார்கள். எழுத மாட்டேன் என்றால் லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த கடைக்கு நடங்கள்.