தெரிந்தவருக்குத் தெரியாத வேலை

சிங்கப்பூரின் ஈசூனில் குடியிருக்கும் தமிழ் மென்பொருள் பொறியாளருக்கு வேலை ஆட்டம் கண்டால் முதலில் என்ன செய்வார்? வாட்ஸ்அப்பில் ஒரு வரி போடுவார். கல்லூரி நண்பர்கள் குழு, ஊர்க்காரர் குழு, பழைய அலுவலகக் குழு. "மாப்ள, ஏதாவது ஓப்பனிங் இருந்தா சொல்லுடா." அன்று இரவே பதில் வந்துவிடும், அக்கறையோடுதான் வரும். ஆனால் மூன்று குழுவிலும் வந்து விழுவது அதே இரண்டு வங்கி, அதே ஒப்பந்த நிறுவனம், அவர் நேற்றே விண்ணப்பம் போட்ட அதே இடம்.

நண்பர்கள் மேல் குற்றமில்லை. அவருக்கு எது தெரியுமோ அதுதான் அவர்களுக்கும் தெரியும். மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1973-இல் எழுதிய கட்டுரை ஒன்று இதை விளக்குகிறது. பாஸ்டனின் புறநகர் ஒன்றில் புதிதாக வேலை மாறியவர்களைச் சந்தித்தார். தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களிடம், "அந்தத் தெரிந்தவரை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள்?" என்று கேட்டார். வாரம் இரண்டு முறையாவது பார்க்கிறவர் என்று சொன்னவர்கள் 16.7 விழுக்காடு. எப்போதாவது பார்ப்பவர் என்றவர்கள் 55.6 விழுக்காடு. மீதி 27.8 விழுக்காட்டினருக்கு வேலை சொன்னவர், ஆண்டுக்கு ஒரு முறையோ அதற்கும் குறைவாகவோ கண்ணில் படுகிறவர்! நெருங்கிய நண்பர் நமக்காக எதையும் செய்வார். ஆனால் அவர் புழங்கும் வட்டமும் நம்முடையதுதான். முகம் மட்டும் தெரிந்தவர் வேறொரு வட்டத்திலிருந்து வருகிறார், அங்குள்ள செய்தியோடு வருகிறார்.

ஐம்பது ஆண்டு பழைய கணக்கு என்று ஒதுக்கிவிட வேண்டாம். லிங்க்ட்இன் தளத்தில் 2 கோடிப் பேரை ஐந்தாண்டுகள் கவனித்த ஆய்வு 2022-இல் சயன்ஸ் இதழில் வந்தது. அது ஒரு திருத்தம் சொன்னது: யாரென்றே தெரியாதவரால் பயன் குறைவு, ஓரளவு பழகியவரால்தான் அதிகம். கணினி சார்ந்த தொழில்களில் இந்த அரைகுறைப் பழக்கத்தின் பலன் இன்னும் கூடுதல் என்றும் கண்டது.

அப்படியானால் இந்த "ஓரளவு பழகியவரை" எங்கே போய்ப் பிடிப்பது? தொழில்நுட்பச் சந்திப்புகளின் வேலையே அதுதான்.

போகாதவர்களுக்காக அது எப்படி நடக்கும் என்று சொல்லிவிடுகிறேன். வார நாளில் மாலை ஏழு மணி. ராஃபிள்ஸ் பிளேஸ் பக்கமோ ஒன்-நார்த்திலோ ஒரு நிறுவனத்தின் அலுவலகம். வாசலில் பெயர் எழுதி ஒட்டிக்கொள்ள ஒரு காகிதம். உள்ளே பீட்சா. (சைவப் பெட்டிதான் முதலில் காலியாகும், பிந்திப் போகிற சைவர்கள் சாப்பிட்டுவிட்டுப் போவது நல்லது.) ஒவ்வொன்றும் இருபது, முப்பது நிமிடமாக இரண்டு பேச்சு. பேசுகிறவர் பேராசிரியர் அல்லர். போன மாதம் தன் தரவுத்தளம் படுத்துவிட்டபோது எப்படித் தூக்கி நிறுத்தினார் என்று சொல்ல வந்தவர். கேள்விகள். கடைசியில் இடம் கொடுத்த நிறுவனத்துக்காரர் எழுந்து, "எங்களிடம் ஆள் தேவை இருக்கிறது, பிறகு வந்து பேசுங்கள்" என்பார். இடமும் பீட்சாவும் இலவசமாகக் கிடைப்பதன் ரகசியம் இதுதான். ஆள்பிடிக்கும் முகவருக்கு ஆண்டுச் சம்பளத்தில் ஒரு பங்கு கொடுப்பதைவிட இது மலிவு. இதில் ஒளிவுமறைவு ஏதுமில்லை. தெரிந்துகொண்டு போவது நமக்கும் நல்லது.

சிங்கப்பூரில் இத்தகைய சந்திப்புகளுக்கு வயது குறைவல்ல. நிரலாளர்கள் கூடும் பொது இடமான ஹேக்கர்ஸ்பேஸ் 2009-இல் கம்போங் கிளாமின் புஸ்ஸோரா ஸ்திரீட்டில் தொடங்கி, பிறகு கிங் ஜார்ஜஸ் அவென்யூவுக்கு இடம்பெயர்ந்தது. ஆசிய பசிபிக் வட்டாரத்துக்கான முதல் பைத்தான் நிரல்மொழி மாநாடு 2010-இல் இங்கேதான் கூடியது. என்ஜினியர்ஸ் டாட் எஸ்ஜி என்ற தன்னார்வ முயற்சி, சந்திப்புகளுக்குக் கேமராவைத் தூக்கிக்கொண்டு போய்ப் பதிவுசெய்து காணொளிகளை இலவசமாக ஏற்றி வைத்தது. கூட்டம் என்றால் கூச்சப்படுகிறவர்கள் அவற்றில் நான்கைந்தைப் பார்க்கலாம். பேசுகிறவர்கள் தடுமாறுவார்கள், திரையில் நிரல் ஓடாமல் நிற்கும், அவையோர் சிரித்துவிட்டுக் காத்திருப்பார்கள். "என் ஆங்கிலம் போதாது" என்ற பயம் அதைப் பார்த்தால் பாதி குறையும்.

தமிழருக்கு இதைவிட நெருக்கமான முன்னுதாரணமும் இந்த ஊரிலேயே உண்டு. 1990-களின் நடுவில் தமிழ் எழுத்துருக்களை ஆளுக்கொரு முறையில் செய்துகொண்டிருந்தார்கள். ஒருவர் தட்டிய மடல் இன்னொருவர் கணினியில் கிறுக்கலாகத் தெரியும். சிங்கப்பூரில் ஆசிரியரும் சிறுகதை எழுத்தாளருமான நா. கோவிந்தசாமியும் அப்படிச் செய்தவர்களில் ஒருவர். அவர் முன்னின்றதில் 1997 மே மாதம் தமிழ்நெட் 97 மாநாடு சிங்கப்பூரில் நடந்தது. மின்னஞ்சலில் மட்டும் வாதாடிக்கொண்டிருந்தவர்கள் நேரில் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். 1999-இல் சென்னையில் கூடியபோது தமிழ்99 விசைப்பலகை முடிவானது. 2000-இல் மறுபடி சிங்கப்பூரில் கூடியபோது தமிழ்க் கணினித் துறைக்கான உத்தமம் அமைப்பு பிறந்தது. அதைப் பார்க்கக் கோவிந்தசாமி இல்லை. 1999 மே மாதமே காலமாகிவிட்டார். இன்று கைப்பேசியில் நாம் தமிழில் தட்டுவதற்குப் பின்னால் இப்படிச் சில அறைகளும் சில தேநீர் இடைவேளைகளும் இருக்கின்றன.

இனி ஒரு தவறான எண்ணத்தைக் களைய வேண்டும். சந்திப்புக்குப் போனால் வேலை கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். எம்ப்ளாய்மென்ட் பாஸ் அனுமதியில் ஆள் எடுப்பதற்கு முன் நிறுவனங்கள் பொதுவாக மைகேரியர்ஸ்பியூச்சர் தளத்தில் குறைந்தது 14 நாள் விளம்பரம் செய்தாக வேண்டும். 2023 செப்டம்பரிலிருந்து புதிய விண்ணப்பங்களுக்குக் காம்பஸ் என்ற புள்ளிமுறையும் உண்டு. பீட்சா சாப்பிட்ட பழக்கம் இவற்றில் எதையும் தாண்டவிடாது. வேலை அனுமதி அட்டை வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்கட்டும்: அனுமதி அந்த ஒரு முதலாளியிடம் வேலை செய்யத்தான். கூட்டத்தில் யாராவது "வார இறுதியில் சின்ன வேலை, கையில் காசு" என்றால் புன்னகையோடு மறுத்துவிட வேண்டும்.

பிறகு என்னதான் கிடைக்கும்? விளம்பரம் வரும் முன்பே, அந்த நிறுவனத்தில் இப்போது என்ன தொழில்நுட்பத்துக்கு மாறுகிறார்கள் என்ற செய்தி கிடைக்கும். எந்த மேலாளரிடம் மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதுகூடக் கிடைக்கும். விண்ணப்பம் போய்ச் சேரும்போது, "இவரா? அந்தப் பிழையைப் பற்றி ஐந்து நிமிடம் பேசினாரே" என்று சொல்ல உள்ளே ஒருவர் இருப்பார். அந்த வாக்கியத்தை எந்தச் சான்றிதழும் நமக்காகச் சொல்லாது.

அதற்கு ஒரு முறை போனால் போதாது. பெயரட்டை ஒட்டிக்கொண்டு இருபது பேரிடம் சுயவிவரத்தை நீட்டிவிட்டு வருகிறவரை யாருக்கும் நினைவிருக்காது. ஒரே சந்திப்புக்கு நான்கு மாதம் போகிறவரை, நாற்காலி மடக்க உதவுகிறவரை, ஒரு கேள்வியாவது கேட்கிறவரை நினைவிருக்கும். தமிழர்கள் அங்கேயும் தமிழர்களாகவே ஒரு மூலையில் கூடி நிற்பதை எல்லாரும் பார்த்திருப்போம். அந்த மூலையில் நிற்பதற்கு ஈசூனை விட்டே கிளம்பியிருக்க வேண்டாம்.

மேடைக் கூச்சம் இருந்தால் முதலில் தமிழில் பேசிப் பழகலாம். 2012-இல் தொடங்கிய கணியம் என்ற தமிழ்க் கணினி இதழோடு தொடர்புடைய காஞ்சி லினக்ஸ் பயனர் குழுவினர் இணையவழியில் தமிழிலேயே கூடிப் பேசுகிறார்கள். புதியவர்களுக்கும் இடம் தருகிறார்கள். அங்கே பேசியதையே அடுத்த மாதம் இங்கே ஆங்கிலத்தில் சொல்லிப் பார்க்கலாம்.

தூரம் என்ற சாக்கு நியாயமானது. வேலை முடிந்து ஈசூன் வந்து சேர்ந்தவர் மறுபடி சிவப்பு வழித்தடத்தில் நகருக்குள் போக மாட்டார். குழந்தை உள்ளவர் நிச்சயம் போக மாட்டார். ஆனால் சந்திப்பு நகரின் நடுவில்தான் நடக்க வேண்டும் என்று யார் சொன்னது? நார்த்பாயிண்ட் சிட்டி கட்டடத்துக்குள்ளேயே நீ சூன் சென்ட்ரல் சமூக மன்றமும் இருக்கிறது, ஈசூன் பொது நூலகமும் இருக்கிறது. சமூக மன்றங்களில் அறை வாடகைக்குக் கிடைக்கும். பத்துப் பேர், ஒரு திரை, மாதம் ஒரு மாலை போதும். இதைப் படிக்கிற ஈசூன்வாசிகளில் யாராவது ஒருவர் அந்த அறையை முன்பதிவு செய்யுங்கள். அழைப்பைத் தமிழ்க் குழுவோடு மட்டும் நிறுத்திவிடாமல், மின்தூக்கியில் தினமும் பார்க்கும் அந்தச் சீனப் பொறியாளருக்கும் அனுப்புங்கள்.