கூறியவர் யார்?

2009ஆம் ஆண்டு சூலைத் திங்களில் அமெரிக்க உளவியற் கழகம் தன் வெளியீட்டுக் கையேட்டின் ஆறாம் பதிப்பை வெளியிட்டது. ஆய்வுரை எழுதுவோர் மேற்கோளை எங்ஙனம் காட்டுவது, நூற்பட்டியலை எங்ஙனம் அமைப்பது, காற்புள்ளியை எங்கே இடுவது என்பனவற்றையெல்லாம் வரையறுக்கும் நூல் அது. பல நாட்டுக் கல்லூரிகளும் அதனைக் கைக்கொண்டன. அதன் முதல் அச்சிலோ, நெறிகளை விளக்கவென்று சேர்த்த எடுத்துக்காட்டுக் கட்டுரைகளே அந்நெறிகளை மீறி நின்றன! கற்பிப்போர் குரல் எழுப்பினர். கழகம் முதலில் திருத்தப் பட்டியல் வெளியிட்டுப் பார்த்தது. அது போதாமற் போகவே, பிழைமலிந்த நூலைப் பெற்றுக்கொண்டு திருந்திய அச்சினை மாற்றித் தர இசைந்தது.

இங்கே நம் நிலை என்ன? தமிழில் ஆய்வேடு எழுதக் கற்பிக்கும் நெறிமுறை நூல்கள் பலவும் ஒன்றை வற்புறுத்துகின்றன. ‘நான்’ என்று எழுதாதே. வினையைச் செயப்பாட்டில் வை. அப்பொழுதுதான் நடுநிலை தோன்றும் என்பதே அது. பழைய ஆங்கில நூல்களைப் பார்த்து எழுதிக்கொண்ட நெறி இது. மேலே சொன்ன அமெரிக்கக் கையேடே, செய்வினையை விரும்புக, தன்னைக் குறிக்க ‘நான்’ என்றே எழுதுக என்று அறிவுறுத்துகிறது. கடன் கொடுத்தவன் கைவிட்டதை வாங்கியவன் விடாமற் பற்றிக்கொண்டிருக்கிறான்!

நடுநிலையாக எழுதத் தமிழுக்குத் தெரியாதா? தொல்காப்பியர் முன்னையோர் கொள்கையைச் சொல்லுமிடத்து ‘என்ப’ என்றார், ‘என்மனார்’ என்றார். இரண்டும் செய்வினையே. சொல்வார் உளர் என்பது அச்சொல்லிலேயே விளங்கும். சேனாவரையர் இளம்பூரணரை மறுக்கும்போதும் ‘உரையாசிரியர்’ என்று அவரைச் சுட்டிவிட்டே மறுக்கிறார். ஒருவர் கருத்தை அவர்மேல் வைத்துப் பேசுவதே தமிழ் உரைமரபு. ‘கூறப்படுகிறது’, ‘கருதப்படுகிறது’ என்னும்போதோ கருத்து மட்டும் நிற்கிறது. அதற்கு உரியவன் மறைந்துவிடுகிறான்.

இதனால் வரும் கேடு நடையோடு நில்லாது. ‘இச்சொல் வடசொல்லாகக் கருதப்படுகிறது’ என்று ஓர் ஆய்வேடு எழுதினால், கருதியவர் யார், எந்தச் சான்று கொண்டு கருதினார் என்று கேட்க இடமில்லை. மாணவன் அதனை முடிந்த முடிபாக மனப்பாடம் செய்துவிடுகிறான். 1924 முதல் 1936 வரை ஆறு மடலங்களாகச் சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட தமிழ் அகரமுதலி, தென்சொற்கள் பலவற்றை வடசொல்லெனக் குறித்தது. 1956 முதல் 1961 வரை சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திற் பணியாற்றிய பாவாணர் அவற்றைச் சொல் சொல்லாக எடுத்து மறுத்தார். சொன்னவர் இன்னார் என்று தெரிந்ததால் அவரால் மறுக்க முடிந்தது. பெயரற்ற ‘கருதப்படுகிறது’ ஒன்றை எவர் மறுப்பது?

ஆய்வேட்டில் இந்நடையைப் பயின்றவரே பின்னர்க் கடலூர், சிதம்பரம் பக்கத்துப் பள்ளிகளிலே தமிழாசிரியர். பிழை அங்கே பிள்ளைகளின் ஏட்டுக்குள் இறங்குகிறது. 2011ஆம் ஆண்டின் இறுதியில் தானே புயல் கடலூரைத் தாக்கியது. கரையோரத்துப் பிள்ளை அதைப் பற்றி எழுதினால் ‘படகு உடைந்தது, வலை அறுந்தது, முந்திரி சாய்ந்தது’ என்று எழுதுவான். உடைத்தலும் உடைதலும், அறுத்தலும் அறுதலும், சாய்த்தலும் சாய்தலும் என்று வினைகளை இணை இணையாக வைத்திருக்கும் மொழி இது. அவ்விடத்தில் ‘படு’வுக்கு வேலையே இல்லை. ‘படகுகள் உடைக்கப்பட்டன’ என்று திருத்தினாலோ, எவனோ கோடரி கொண்டு உடைத்தான் என்று பொருள்படும்! அடுத்து அப்பிள்ளை ‘விழா நிகழப்பட்டது’ என்று எழுதுகிறான். நிகழ்தல் செயப்படுபொருள் குன்றிய வினை; அது செயப்பாட்டை ஏலாது என்பதை அவனுக்குச் சொல்லித்தருவார் இல்லை. ஊரில் மூன்று கோயில்கள் ‘உள்ளன’ என்றால் குறைவு; ‘காணப்படுகின்றன’ என்றால்தான் கல்வி!

செயப்பாட்டு வினை தமிழில் அறவே இல்லையென்று சொல்வாரும் உளர்; அது மிகை. ‘எனப்படும்’ என்பது பழந்தமிழ் வழக்கே. கட்டுண்டான், வெட்டுண்டான் என ‘உண்’ சேர்ந்தும் வரும். செயப்படுபொருளையே செய்ததுபோற் கூறும் ‘திண்ணை மெழுகிற்று’ என்னும் வழக்கையும் தொல்காப்பியம் தழுவிக்கொள்கிறது. இத்தனை வழிகளிருக்க ஒன்றை மட்டும் கட்டாயமாக்கியதே குற்றம். தனித்தமிழ் அன்பர் சிலர் ‘படு’வை நீக்கி ‘பெறு’வை வைத்து, ‘ஆராயப்பெற்றது’ என்று எழுதி மனநிறைவு கொள்கின்றனர். உரியவன் அதிலும் ஒளிந்துகொண்டுதான் இருக்கிறான்.

நெறிமுறை நூல் எழுதியோர் அடுத்த அச்சிலேனும் அப்பகுதியைத் திருத்தவேண்டும். பள்ளித் தேர்வில் செய்வினையில் எழுதிய விடைக்கு மதிப்பெண் குறைக்கும் வழக்கம் எங்கேனும் இருந்தால் அதனை உடனே கைவிடவேண்டும். அதுவரையில் ஆய்வு வழிகாட்டிகள் ஒன்று செய்யலாம். மாணவர் கொண்டுவரும் படியில் ‘கருதப்படுகிறது’ என்று வருமிடந்தோறும் ‘யார்?’ என்று ஓரத்தில் எழுதித் திருப்பித் தரலாம்.