திருத்தலாம், மூலம் இருந்தால்

ஈமெயில் சேர்வர் ஒன்று பழுதானால் எல்லாம் அழிஞ்சுபோச்சு என்றுதான் நாங்கள் நினைக்கிறோம். உண்மையில் பழுதுகள் இரண்டு வகை. ஒன்று பத்து நிமிஷத்தில் திருத்தக்கூடியது. மற்றது எந்தக் கொம்பன் வந்தாலும் திருத்த ஏலாதது. இரண்டாவது வகைப் பழுதால்தான் இலங்கை அரசாங்கம் 2023இல் நூறு நாளுக்கு மேற்பட்ட கடிதங்களை இழந்தது.

முதல் வகையைப் பார்ப்போம். தபால் கந்தோரில் கடிதம் பிரிக்கிற தட்டை யோசிச்சுப் பாருங்கோ. உட்துறைமுக வீதிக்கு ஒரு அறை, உப்புவெளிக்கு ஒன்று, சீனக்குடாவுக்கு ஒன்று. ஈமெயில் சேர்வருக்குள்ளும் அப்படி ஒரு தட்டு இருக்கு. எந்த முகவரிக்கு வாற கடிதம் எந்தப் பெட்டிக்கு, எந்தச் சேர்வருக்குப் போகவேணும் என்ற பட்டியல்தான் அது. செண்ட்மெயில், போஸ்ட்பிக்ஸ் போன்ற மென்பொருட்களில் இந்தப் பட்டியலை வழமையாக ஒரு சாதாரண எழுத்துக் கோப்பில்தான் எழுதி வைப்பார்கள். வேகமாகத் தேடுவதற்காக அதிலிருந்து ஒரு தரவுத்தளம் உருவாக்கப்படும். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனாலோ டிஸ்க் நிரம்பினாலோ தரவுத்தளம் சிதையலாம். பிறகு கடிதங்கள் வழி தெரியாமல் வரிசையில் நிற்கும், இல்லாட்டி அனுப்பியவருக்கே திரும்பிப் போகும்.

திருத்துகிறது பெரிய வித்தை இல்லை. சிதைந்த கோப்பை அழிக்காமல் ஒரு பக்கம் நகர்த்தி வைக்கவேணும். மூல எழுத்துக் கோப்பு சரியா என்று பார்க்கவேணும். பிறகு முகவரிப் பட்டியலுக்கு ‘நியூஅலியாசஸ்’, வழிப் பட்டியலுக்கு ‘போஸ்ட்மேப்’ என்று ஒரு கட்டளை கொடுத்தால் புதுத் தரவுத்தளம் தயார். ஒரு முகவரியைக் கொடுத்துச் சோதித்துவிட்டு, வரிசையில் நிற்கிற கடிதங்களைத் திறந்துவிடலாம். போஸ்ட்பிக்ஸ் வழமையாக ஐந்து நாள்வரை ஒரு கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப முயற்சி செய்யும். அதனால் பதற வேண்டியதில்லை. வேலை இவ்வளவு லேசாக முடிவதற்கு ஒரே காரணம், மூலம் வேறாக இருப்பதுதான்.

இனி இரண்டாவது வகை. 2023 ஆகஸ்ட் 26ஆம் திகதி, லங்கா அரச கிளவுட் மீது ரான்சம்வெயார் தாக்குதல் நடந்தது. அமைச்சரவை அலுவலகம் உட்பட, அரச ஈமெயில் முகவரி பாவிக்கிற கந்தோர்கள் பாதிக்கப்பட்டன. கிட்டத்தட்ட 5000 முகவரிகள். 12 மணித்தியாலத்துக்குள் சேவை மீண்டது என்று தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவர் நிலையம் சொன்னது. ஆனால் மே 17 தொடக்கம் ஆகஸ்ட் 26 வரையான கடிதங்களுக்கு பேக்கப் இருக்கவில்லை. அவை போனது போனதுதான். ஓடிக்கொண்டிருந்தது மைக்ரோசொப்ட் எக்ஸ்சேஞ் 2013. 2021இலிருந்தே புதுப்பிக்க யோசித்தும் நிதி இல்லாமலும் தீர்மானங்கள் இழுபட்டும் தாமதமானது என்பது அவர்களின் விளக்கம்.

நிதி இல்லை என்ற கதை புது மென்பொருளுக்குப் பொருந்தலாம். ஒவ்வொரு நாளும் ஒரு பிரதி எடுத்து, நெட்வொர்க்கிலிருந்து கழட்டித் தனியாக வைக்கிறதுக்குப் பொருந்தாது. அதற்குத் தேவை ஒழுங்கு. நாளாந்தப் பிரதி எடுக்கப்போவதாக அறிவித்ததுகூட கடிதங்கள் போன பிறகுதான். 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம், புதிதாக உருவாகும் ஆவணங்களை அரச நிறுவனங்கள் குறைந்தது 12 வருஷம் பாதுகாக்கவேணும் என்கிறது. அந்தச் சட்டத்தின் கீழ் நாளைக்கு ஒருவர் 2023 ஜூன் மாதக் கடிதமொன்றைக் கேட்டால் என்ன பதில் சொல்வார்கள்?

திருகோணமலையில் இருக்கிற எங்களுக்கு இது புதுப் பாடம் இல்லை. 2004 சுனாமியிலும், 2006இல் மூதூர், சம்பூர் பக்கம் இடம்பெயர்ந்தபோதும், காணி உறுதி, பெமிட், பிறப்புச் சான்றிதழ் தொலைந்தால் என்ன நடக்கும் என்று எங்கட சனத்துக்கு நல்லா விளங்கினது. ‘இது என்ர காணி’ என்று வாயால் சொன்னால் கச்சேரியில் எடுபடாது. அதனால்தான் எங்கட அம்மாமார் எல்லாப் பத்திரத்தையும் ஒரு பைலில் போட்டு, ஓடவேண்டி வந்தால் கையில் எடுக்கிற இடத்தில் வைப்பார்கள். போட்டோ கொப்பி ஒரு செட் வேற ஊரில், சொந்தக்காரர் வீட்டில் இருக்கும். கொம்பியூட்டர்காரர் ‘ஓப்லைன் பேக்கப்’ என்று சொல்கிறதும் இதைத்தான்.

இப்ப எதுக்கெடுத்தாலும் ‘ஈமெயில் பண்ணுங்கோ’ என்கிறார்கள். நல்லது. கச்சேரிக்கு பஸ் ஏறி அலையத் தேவையில்லை. ஆனால் பதிவுத் தபாலுக்கு ஒரு துண்டு தருகிற மாதிரி, அனுப்பிய ஒவ்வொரு ஈமெயிலுக்கும் ஒரு பதிவு இலக்கம் தரவேணும். பேக்கப் எடுக்கிறோம் என்று சொல்வது மட்டும் போதாது. அதிலிருந்து கடிதங்களைத் திருப்பி எடுத்துப் பார்த்த நாள் எது என்றும் வெளியில் சொல்லவேணும். எடுத்துப் பார்க்காத பேக்கப் வெறும் நம்பிக்கைதான்.

அதுவரைக்கும், அரச கந்தோருக்கு அனுப்புகிற ஈமெயிலை உங்கட இன்னொரு முகவரிக்கும் சேர்த்து அனுப்புங்கோ. காணி, வேலை, சான்றிதழ் விஷயம் என்றால் அச்செடுத்துப் பதிவுத் தபாலிலும் போடுங்கோ. இரட்டை வேலைதான். தன்ர பிரதியை அரசாங்கம் ஒழுங்காக வைத்திருக்கிற காலம் வரும்வரைக்கும் மூலம் எங்கட கையில் இருக்கவேணும்.