பூட்டிய பேழைக்குள் ஒளியா?

ஒளியைப் பற்றிப் படித்தல் வேறு; ஒளியை அளந்தறிதல் வேறு. முன்னது நினைவுக்கு வேலை. பின்னது அறிவுக்கு வேலை. நம் பிள்ளைகட்கு இவ்விரண்டில் எது வாய்க்கின்றது என்பதே ஈண்டு நாம் எழுப்பும் வினா.

மேனிலைப் பள்ளி ஆய்வகத்தில் நிறமாலைமானி என்றொரு கருவி உண்டு. அதன் நடுமேடையில் முப்பட்டகத்தை வைத்து, சோடிய விளக்கின் மஞ்சள் ஒளியை அதனுள் செலுத்தி, அது எத்துணைப் பாகை திசைமாறுகின்றது எனத் தொலைநோக்கி வழியே அளப்பர். பட்டகத்தை மெல்லத் திருப்புங்கால், ஒளிக்கோடு ஒருபுறமாக நகர்ந்து, ஓரிடத்தே தயங்கி நின்று, பின் வந்த வழியே மீளும். அம்மீளுமிடமே சிறுமத் திசைமாற்றக் கோணம். ஒளிவிலகல் எண் 1.5 உடைய 60 பாகைக் கண்ணாடிப் பட்டகத்திற்கு அஃது ஏறத்தாழ 37 பாகை. இவ்வெண் நூலிலும் கிடைக்கும். ஆயினும், கோடு தயங்கி மீள்வதைத் தன் கண்ணால் கண்ட மாணவன் அதனை என்றும் மறவான்.

சென்னை மாநிலக் கல்லூரியில் மாணவராயிருந்த ச. வெ. இராமன், பட்டகத்தின் கோணத்தை அளக்கும் வழக்கமான ஆய்வின்போது, அதன் முகத்தில் மிகச் சாய்ந்து பட்டு மீளும் ஒளியில், இருபுறமும் ஒவ்வாத பட்டைகளைக் கண்டார். பிழையெனத் தள்ளாது ஆராய்ந்தார். 1906இல் அவ்வாய்வுரை இலண்டன் அறிவியல் இதழொன்றில் வெளிவந்தபோது அவர்க்கு அகவை 18. 1930இல் நோபல் பரிசு பெற்றவரின் முதற்படி, மாணவர் பயிலும் எளிய கருவியே!

அக்கல்லூரிக்கு வடக்கே அதே கடற்கரையில்தான் இராயபுரமும் திருவொற்றியூரும் எண்ணூரும் உள்ளன. இங்குள்ள மீனவர் பிள்ளைகட்கு ஒளியின் செயல் புதிதன்று. மேலிருந்து நோக்கின் நான்கடி நீர் மூன்றடியாய்த் தோன்றுவதை அவர்கள் கழிமுகத்திலேயே காண்கின்றனர். 2023 திசம்பரில், வெள்ளத்தோடு மணலி ஆலைப் பகுதி எண்ணெய் கொற்றலையாற்றுக் கழிமுகத்திற் பரவியதையும் கண்டனர். எண்ணெய் தடித்த இடம் கறுக்கும்; மென்படலமாய்ப் பரந்த இடம் வானவில் நிறங்காட்டும். படலத்தின் மேற்புறத்தும் கீழ்ப்புறத்தும் பட்டு மீளும் ஒளியலைகள் தம்முள் கூடியும் அழிந்தும் அந்நிறங்களைப் பிறப்பிக்கின்றன. ஆண்டுப் படலத்தின் தடிப்பு, மில்லிமீட்டரை ஆயிரமாய்ப் பகுத்ததில் சில பங்கே. ஒரு பங்கெனக் கொள்ளின், ஓர் இலிட்டர் எண்ணெய் 1000 சதுர மீட்டர் நீரைப் போர்த்திவிடும்! இதனைக் கணக்கிடத் தெரிந்த இளைஞன், தன் ஆற்றுக்கு நேர்ந்ததை அலுவலர் அறிக்கைக்குக் காத்திராது தானே எடுத்துரைப்பான்.

ஆனால் நடப்பதென்ன? பல பள்ளிகளில் கருவிகள் பேழைக்குள் உறங்குகின்றன. அளவீடுகள் சென்ற ஆண்டுக் குறிப்பேட்டிலிருந்து பெயர்த்தெழுதப்படுகின்றன. தமிழ்வழியிற் பயில்வோரும் ‘பிரிசம்’, ‘ரீடிங்’, ‘மினிமம் டீவியேசன்’ என்றே ஒப்பிக்கின்றனர். மூன்று பட்டை உடையது முப்பட்டகம். நேர்வழியினின்று விலகுவது விலகல். எதிர்ப்பட்டு மீள்வது எதிரொளிப்பு. சொல்லே பொருளை விளக்கி நிற்க, பொருள் விளங்காச் சொல்லை ஏன் சுமக்கவேண்டும்? கை அளக்காமலும் சொல் விளங்காமலும் பெறும் மதிப்பெண், அறிவாகுமா?

ஆசிரியப் பெருமக்களே, பேழைகளைத் திறமின்! கருவி இல்லையெனில், ஒரு கண்ணாடிப் பாளமும் நான்கு குண்டூசியும் ஒரு வெள்ளைத்தாளும் போதும், ஒளிவிலகலை அளந்துவிடலாம். பெற்றோரே, “எத்துணை மதிப்பெண்?” என்று கேட்குமுன், “இன்று எதனை அளந்தாய்?” என்று கேளுங்கள். உழைப்பாளர் வீட்டுப் பிள்ளைகள் தாம் அளந்ததைத் தம் தாய்மொழியில் தலைநிமிர்ந்து உரைக்கட்டும்!